முனிராஜுக்கு சீட்டு கிடைக்கக் கூடாது

ஜனவரி 11, ஞாயிறு

முனிராஜ் கவுன்சிலருக்கு நிற்கப் போகிறானாம். ஸ்ரீராம்புரம் முழுக்க அவன் கும்பிடு போடுகிற பேனர். பார்த்ததும் வயிறு எரிந்தது. போன ஐப்பசியில் என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போனபோது இதே கையைக் குறுக்கே நீட்டித்தானே நிறுத்தினான்? "இன்னிக்கு எங்க வீட்டு கிருகப்பிரவேசம். பொணத்தைப் பின்பக்கமா எடுத்துட்டுப் போங்க." பின்பக்கம் என்றால் சாக்கடைச் சந்து. பாடையைச் சாய்த்துத்தான் நுழைக்க முடிந்தது. மாலை நழுவிச் சாக்கடையில் விழுந்தது. அவர் செத்ததைக்கூட ஆற்றிக்கொண்டேன். அதை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

நீ கவுன்சிலரா? நான் உயிரோடு இருக்கும்போதா?

ஜனவரி 14, புதன்

தம்பி சண்முகம் வந்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நம் கட்சிக் கொடியைச் சுமக்கிறவன். இந்த முறை நம் கட்சி சீட்டு அவனுக்குத்தான் என்று பேச்சு. அவன் சொன்ன சேதி: முனிராஜ் கட்சியில் வார்டு உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் சேர்கிற யாருக்கும் ஓட்டு உண்டு. முனிராஜுக்குப் போட்டி, டைலர் கடை தனலக்ஷ்மி.

"யாருக்கும்னா, எனக்குமாடா?"

ரொம்ப நேரம் சிரித்தான். "போய் அவனைக் கவுத்துட்டு வா கா. தனலக்ஷ்மி நின்னா எனக்கும் சுலபம்."

ஜனவரி 25, ஞாயிறு

சேர்ந்துவிட்டேன். போனில் ஓடிபி வந்தது, சொன்னேன், அவ்வளவுதான். நான் மட்டுமா? எங்கள் சந்துப் பெண்கள் எல்லாரும். பக்கத்து வீட்டு மகாதான் முரண்டு பிடித்தாள். "பொறந்ததுலேர்ந்து ஒரே கட்சி கா. எங்கப்பா ஆவி என்னை சும்மா விடாது." ஒரே ஒரு ஓட்டுடி, போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

அவர்கள் கட்சித் துண்டைத் தோளில் போட்டபோது எனக்கே உடம்பு கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இத்தனை பெண்கள் சேர்ந்த சந்தோஷத்தில் முனிராஜே வந்து கும்பிட்டான். கும்பிடு ராசா, நல்லா கும்பிடு!

பிப்ரவரி 8, ஞாயிறு

தோற்றான்! தோற்றான்! எங்கள் சந்து ஓட்டு இல்லையென்றால் ஜெயித்திருப்பான். முகம் இஞ்சி தின்ன குரங்கு மாதிரி இருந்தது. ஓட்டு எண்ணின மண்டப வாசலிலேயே நின்று கண் நிறையப் பார்த்தேன். வரும் வழியில் கோழி வாங்கி, குழம்பு வைத்து, அவர் படத்துக்குப் படைத்தேன். "மாமா, முடிச்சுட்டேன்" என்றேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நாசமாய்ப் போக.

பிப்ரவரி 18, புதன்

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. முனிராஜ் நம் கட்சியில் சேர்ந்துவிட்டான். நம் கட்சியில்! ஆபீஸ் வாசலில் மேளம், பட்டாசு. சீட்டையும் அவனுக்கே கொடுத்துவிட்டார்கள். அவனிடம் பணம் இருக்கிறது. சண்முகத்திடம் என்ன இருக்கிறது, கொடிக்கம்புதான்.

நான் சும்மா இருந்திருந்தால் அவன் அந்தக் கட்சியிலேயே நின்றிருப்பான். இங்கே சீட்டு தம்பிக்கு. அவனைத் துரத்திக்கொண்டு வந்து தம்பியின் அடிமடியிலேயே கை வைக்க விட்டேனே — நான் எல்லாம் ஒரு பொம்பளையா?

மகா வந்து, "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டோம் கா" என்றாள். வாயை மூடுடி என்று கத்தினேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

சண்முகம் போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்றும் எடுக்கவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

ஓட்டுக் கேட்டு வந்தார்கள். முன்னால் கொடியோடு சண்முகம், பின்னால் முனிராஜ். கட்சி சொன்னால் செய்ய வேண்டியதுதான், அவனுக்கு வேறு போக்கிடம் ஏது? என் வாசலுக்கு வந்ததும் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "எங்கக்கா" என்றான்.

"ஓ, சண்முகம் அக்காவ்ரா? அப்படின்னா எனக்கும் அக்காதான்" என்று முனிராஜ் கன்னடம் கலந்து சொல்லிப் பெரிதாகக் கும்பிட்டான்.

என்னை அடையாளம் தெரியவில்லை. பாடைக்குப் பின்னால் தலைவிரிகோலமாக வந்தவளையும் தெரியவில்லை, அவன் எதிரிலேயே துண்டு போட்டுக்கொண்டவளையும் தெரியவில்லை. "அங்க தோத்ததும் நல்லதாப் போச்சுக்கா. தேவருதான் என்னை இங்க தள்ளிவிட்டாரு" என்று வானத்தைக் காட்டிச் சிரிக்கிறான். சாமியைச் சொல்கிறான்.

தேவரு இல்லடா, நான்! நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் சண்முகம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "குடிக்க ஏதாவது குடு கா" என்றான், மெதுவாக.

உள்ளே போய் இரண்டு பேருக்கும் காப்பி போட்டேன். நின்றபடியே குடித்தார்கள். தம்பி போகும்போது வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

மார்ச் 2, திங்கள்

அவன் வாய் பட்ட டம்ளரை என் வீட்டில் வைத்துக்கொள்வேனா? கழுவவும் கை போகவில்லை. காலையில் குப்பை வண்டி வந்ததும் எடுத்தேன். இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர். எது அவன் குடித்தது, எது தம்பி குடித்தது என்று தெரியவில்லை.

இரண்டையும் போட்டேன்.