அன்று நான் காட்டிய விரல்கள்

என் செல்ல வாண்டுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள். உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது, பகலில் எழுதலாம் என்று பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக நாள் ஓடிவிட்டது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துத்தான் மனசைத் தேற்றிக்கொள்கிறோம். அப்பாவுக்கு வழித்தடம் மாற்றிவிட்டார்கள், இப்போது விடியற்காலை ஐந்து மணி பஸ். கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் வீங்குகிறது, காட்டலாம் வாங்க என்றால் பஸ்ஸுக்கே இன்னும் சர்வீஸ் விடவில்லை என்கிறார். மாடி வீட்டுத் தையல்காரம்மா, நர்ஸம்மா எப்ப வர்றாங்க, எனக்குக் கொஞ்சம் பிரஷர் பாக்கணும் என்று தினமும் கேட்கிறாள், தேடுவது உன்னையா உன் ஓசி வைத்தியத்தையா தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே போகலாம், நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுதாமல். பச்சைக் குழந்தைகள் வார்டில் நீ வலது காதில் போனை வைத்துக்கொண்டு லேபிலிருந்து சொன்னதை எழுதிக்கொண்டிருந்தாய், பின்னால் மெஷின் கத்தியது உனக்குக் கேட்கவே இல்லை, நீங்கள் மிளகாய் என்று கூப்பிடும் அந்த சீனியர் நர்ஸ் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தாள் என்று எழுதியிருந்தாய். ஒயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான், குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஏண்டி, காதுல பஞ்சா அடைச்சு வெச்சிருக்கே என்று அவள் கேட்டதற்கு, தூக்கக் கலக்கம்க்கா என்று சிரித்தாயாம். அடுத்த மாதத்திலிருந்து அந்த வார்டில் ராத்திரி உன்னைத் தனியாகப் போடப் போகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரே வரி, அம்மா, நான் சொல்லிடட்டுமா. அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

வாண்டு, அந்த மெடிக்கல் டெஸ்ட் நாளை நீ மறந்திருக்க மாட்டாய். நர்சிங் காலேஜில் சேர உனக்குப் பதினேழு வயசு. டாக்டர் உன் பின்னால் நின்று வலது காதைப் பொத்திக்கொண்டு இடது காதில் கிசுகிசுவென்று எண்களைச் சொன்னார். ஆறு வயசுக் காய்ச்சலில் போன காது, அதில் என்ன கேட்கும். நான் உன் எதிரே நின்று, அவர் உதட்டசைவைப் பார்த்து, அவர் கண்ணில் படாதபடி வயிற்றோடு பிடித்திருந்த கைப்பையின் மேல் விரலை விரித்துக் காட்டினேன். மூன்று. ஐந்து. இரண்டு. நீ பார்த்துப் பார்த்துச் சொன்னாய். பொண்ணுக்குப் பாம்புக் காதும்மா என்று சொல்லி, சான்றிதழில் கையெழுத்துப் போட்டார் அவர். வெளியே வந்து ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கி, சாப்பிட முடியாமல் சிரித்தோம். உன் அக்காவா என்று கடைக்காரர் என்னைக் காட்டி உன்னிடம் கேட்டதில் எனக்கு இன்னும் தலைகால் புரியவில்லை.

ஏன் செய்தேன் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. எங்கள் ஆபீஸில் வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் பிரிப்பது நான்தானே. அதில் உடல் குறைபாடு உண்டா என்று ஒரு கட்டம் இருக்கும். உன் டெஸ்டுக்கு ஒரு மாதம் முன்னால் ஒருவர், வலிப்பு உண்டு, மாத்திரையில் நான்கு வருடமாக வரவில்லை என்று மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தார். மார்க்கில் அவர்தான் முதல். நல்ல பையன்தாம்மா, பாவம், ஆனா நமக்கெதுக்கு வம்பு என்றார் மேனேஜர். தற்போது காலியிடம் இல்லை என்று அவருக்குக் கடிதம் அடித்தவள் நான். உண்மை சொன்னவனுக்கு என்ன கிடைக்கும் என்பதை என் கையாலேயே டைப் அடித்துவிட்டு வந்தவள், உன்னை எப்படி உண்மை சொல்லச் சொல்வேன்.

அதனால் உன்னை மறைக்கப் பழக்கினேன். வகுப்பில் இடப்பக்கச் சுவரோரம் உட்கார், யாரோடு நடந்தாலும் அவருக்கு இடப்பக்கமாக நட, காதில் விழாவிட்டால் சிரித்து வை. கும்பலில் எல்லாரும் சிரிக்கும்போது நீ ஒரு நொடி பிந்திச் சிரிப்பாய், அதைப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் வளர்த்துவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் இருப்பது உனக்கு எவ்வளவு தனிமை என்று ஒரு நாளும் கேட்கவில்லையே.

விரல் காட்டிய கதையை இன்று ராத்திரி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, ஒரு விளக்கு எரியாவிட்டாலும் டிப்போ நோட்டில் எழுதிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார், அரிச்சந்திரன் வந்தாச்சு என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. காது போனதுக்கு யாரும் பொறுப்பில்ல, விரல் உன்னோடதுடி என்று மட்டும் சொன்னார், தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். உள்ளே விளக்கை அணைத்துப் படுத்திருக்கிறார், தூங்கவில்லை.

சொல்லிவிடு கண்ணு. நீ மருந்துக் கணக்கு எழுதுகிற வேலையில் இருந்தால் உன் காது யாருக்கும் சேதி இல்லை, சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம் என்றிருப்பேன். ஆனால் அங்கே படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு அழத் தெம்பில்லை, மெஷின்தான் அழுகிறது. ராத்திரி நீ கேட்பாய் என்று நம்பித்தான் அவர்களைப் பெற்றவள் கண்ணை மூடுகிறாள். வார்டுப் பொறுப்பில் இருக்கும் பெரிய சிஸ்டரிடம் நேரம் கேட்டு, அவர் அறையில் உட்கார்ந்து சொல், வராந்தாவில் ஓடுகிற ஓட்டத்தில் சொல்லாதே. எப்போதிலிருந்து, எது கேட்கும், எது கேட்காது, மணியோடு விளக்கும் எரிகிற மெஷின் இருந்தால் போதுமா, இல்லை வேறு வார்டு வேண்டுமா, எல்லாம் சொல். காதுக்காக மன்னிப்புக் கேட்காதே, அந்தப் பொய்ச் சான்றிதழுக்காகக் கேள். அதிலும் பெரும்பங்கு என்னுடையது, நான் செய்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், அதையும் கொடு. காலியிடம் இல்லை, நிர்வாகக் காரணம் என்று மழுப்பினால் எழுத்தில் தரச் சொல், அந்த வாக்கியங்களை அடித்தவள் சொல்கிறேன். வேலை போகாது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. எனக்குத் தெரியாது வாண்டு. தெரியாததைத் தெரிந்ததாக இன்னொரு தடவை உனக்குச் சொல்லித்தர மாட்டேன். போனால் அடுத்த பஸ் பிடித்து வா, நானும் உன் கூட உட்கார்ந்து அழுகிறேன், பிறகு யோசிப்போம்.

சொல்லி முடிக்கும்வரை அந்த வார்டில் தனியாக நிற்காதே, இது ஒன்றை மட்டும் மறக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைபட்ட பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்க வேண்டும், இதைத் தவிர எனக்கு வேண்டுதல் இல்லை. என் மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது, ஆனால் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா