கை நனைக்காத விருந்து

செவ்வாய், ஜூன் 3

வெயில் கொல்கிறது. கம்பெனி பஸ்ஸில் சீட் ரெக்சின் சுட்டு, தேர்வாய் கண்டிகையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை பாதி தூரம் நின்றே வந்தேன். ஜன்னலோர இடத்துக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு மூக்கில் ரத்தம். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஜெனி போன் செய்தாள். தங்கை ரோசியின் மகள், மூன்றாவது படிக்கிறாள்.

“பெரிம்மா, பீட்சா செஞ்சி தருவியா? இனிப்பும் இருக்கணும், காரமும் இருக்கணும்.”

“கடையில வாங்கித் தரேண்டி.”

“வாணா, நீ செய். நீ ஊட்ல செஞ்சா அம்மா வருதாம். பீட்சான்னா சோறு கெடையாதில்ல? கையும் கழுவ வாணாம், பேப்பர்ல தொடச்சிக்கலாம். அது கை நனைச்ச கணக்குல வராதுன்னு அம்மா சொல்லிச்சி.”

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் நடந்தது. ரோசி புருஷன் தேவா (இனி நா. என்று எழுதுகிறேன். நா. என்றால் நாய்) குடித்துவிட்டு அவளைக் காதோடு சேர்த்து அறைந்தான். காதுச் சவ்வு கிழிந்து, ரத்தம் தோள் வரை வழிந்தது. கேள்விப்பட்டதும் வேலையிலிருந்து நேராக ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். அவன் ரயிலை விட்டு இறங்கினான். என் கையில் டிபன் கேரியர். நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று. அடுத்த அடியில் முன்பல் போனது, கேரியரின் கொக்கி கழன்று ரசம் அவன் கண்ணில் தெறித்தது. இப்போது நினைத்தாலும் மனம் குளிர்கிறது.

யாரோ போய்ச் சொல்லி, ரோசி காதில் கட்டோடு ஓடி வந்தாள். வந்தவள் என் முன்கையைக் கடித்தாள். ஊரே பார்க்க.

“என் புருசன அடிக்க நீ யாருடி? செத்தாலும் உன் ஊட்ல கை நனைக்க மாட்டேன்!”

பல் தடம் இன்னும் கையில் இருக்கிறது. அம்மா அப்பா போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அவள் வரவேண்டும். அதற்கு மண்ணைப் பிசைந்து சுடச் சொன்னாலும் சுடுவேன்.

வியாழன், ஜூன் 5

வாங்கியது: மைதா, சீஸ், குடமிளகாய், வெங்காயம், பூண்டு, மண்டை வெல்லம். குண்டூர் மிளகாய் வீ.கா. (வீட்டுக்காரர்) தடா பக்கம் போனபோது வாங்கி வந்தார். பேப்பர் நாப்கின் பெரிய கட்டு.

ஈஸ்ட் கேட்டதற்கு மளிகைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னாம்மா, ஊட்ல சாராய ஊறல் போடறியா?”

முதல் பீட்சா தோல்வி. எடுத்து எறிந்தால் மண்டை உடையும். வீ.கா. கடித்துப் பார்த்துவிட்டு, “போன தடவ டிபன் கேரியரு, இந்த தடவ இதுவா?” என்றார். முறைத்தேன். வெளியே போய்விட்டார்.

மாலை ரோசியே பேசினாள். இத்தனை மாதம் கழித்து அவள் குரல். கீழ் வீட்டுக்காரம்மாவின் செல். அவளுடையதை நா. சுவரில் அடித்து உடைத்துவிட்டானாம்.

“இரு இரு, இந்தக் காதுல வச்சிக்கிறேன். அந்தாண்ட கேக்காது.”

எதுவும் நடக்காதது மாதிரி சொல்கிறாள்.

“ஞாயித்துக்கெழம அவரும் வராரு. தனியா உட மாட்டாரு. நீ ஒண்ணும் சொல்லக்கூடாது. கை நீட்டுன, அப்டியே எழுந்து போய்க்கினே இருப்பேன். அப்புறம் நான் வரவே மாட்டேன்.”

“ஒண்ணும் சொல்லலடி.”

“சத்தியம் பண்ணு.”

பண்ணினேன்.

வெள்ளி, ஜூன் 6

வேலையில் கார் கதவுக்கான ரப்பர் பீடிங்கின் பிசிறை பிளேடால் வெட்டிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றும் நா.வின் காது என்று நினைத்துக்கொண்டால் கை வேகமாக ஓடுகிறது. சூப்பர்வைசர் வந்து, “இன்னிக்கி உன் லைன்தான் ஃபர்ஸ்ட்டு” என்றார். ஒருவனை மனதுக்குள் கொன்றதற்குப் பாராட்டு.

கட்டைவிரலில் வெட்டு. பிளாஸ்திரி.

வீ.கா. கவலைப்படுகிறார். “அவன் எதுனா பேசுவான். உன்னால கையக் கட்டிக்கினு குந்த முடியுமா?”

முடியும் என்றேன். அவர் நம்பவில்லை. நானும்தான்.

சனி, ஜூன் 7

அரை நாள் லீவு. மாவு பிசைந்தேன். பிசைந்தேன் என்பது பொய், அடித்தேன். முஷ்டியால் குத்தி, தூக்கித் தரையில் போட்டு, மறுபடி குத்தி. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, “யாரம்மா அது, இந்த அடி அடிக்கிற?” என்றாள். மாவு என்றேன். மூடி வைத்ததும் பந்து மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. எத்தனை குத்தினாலும் திரும்ப எழுகிறது. ரோசி ஞாபகம் வந்தது, துணியை இழுத்து மூடிவிட்டேன்.

பாகு: வெல்லம், குண்டூர் மிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி. சொட்டு பட்டால் ஒட்டிக்கொண்டு விடுவதில்லை, மணிக்கட்டில் ஒரு கொப்புளம். ஆனால் ருசி! முதலில் இனிப்பு, நம்பி விழுங்கினால் தொண்டையில் ஓங்கி ஒரு அறை.

தோசைக்கல்லில் வட்டமாகப் போட்டு, திருப்பி, பாகு, சீஸ், வெங்காயம், குடமிளகாய், மேலே வடைச்சட்டியைக் கவிழ்த்து மூடியதில் இன்று சரியாக வந்தது. வீ.கா. முழுசாகத் தின்றார். கண்ணில் தண்ணீர் ஊற்றியது, நிறுத்தவில்லை.

அப்புறம் அவர் செய்த வேலை: அரிவாள்மணை, கத்தி, குழவி, பூரிக்கட்டை, டிபன் கேரியர் எல்லாம் பரண் மேல். தோசைத் திருப்பியும்.

“அதை ஏன்?”

“நுனி கூரா இருக்குது.”

“எத வச்சி பீட்சா எடுக்கறது? எத வச்சி வெட்டறது?”

“துணி புடிச்சி தட்டுல சாச்சிடு. கையால பிச்சித் துன்னலாம்.”

ஞாயிறு, ஜூன் 8

எல்லாம் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். எழுத்து கோணல். பரவாயில்லை.

காலையில் சர்ச். ஃபாதர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். பாதியில் பாகுக்கு வெல்லம் போதுமா என்று யோசனை போய்விட்டது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தார்கள். ரோசி இளைத்திருக்கிறாள். முழுக்கை ரவிக்கை, இந்த வெயிலில். ஏன் என்று கேட்கவில்லை, சத்தியம் பண்ணியிருக்கிறேன். குடிக்கத் தண்ணீரும் அவள் வீட்டிலிருந்தே பாட்டிலில். எங்கள் சொம்பை அவள் பார்க்கவே இல்லை.

நா. தண்ணி போட்டுக்கொண்டுதான் வந்திருந்தான். “இன்னா சகல, உன் பொண்டாட்டி டிபன் கேரியர் இன்னாச்சி?” என்று வீ.கா.விடம் பல் இல்லாத இடத்தைக் காட்டிச் சிரித்தான். நான் இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டேன்.

முதல் பீட்சாவைப் பாயில் வைத்தேன். ஜெனி சீஸ் நூலை இழுத்து இழுத்துத் தின்றாள். ரோசி பிய்த்துத் தின்றாள், பேப்பரில் துடைத்தாள், மறுபடி பிய்த்தாள். உதடெல்லாம் சிவந்து மூக்கு ஒழுகியது. “சின்ன வயசுல நம்ம வெல்லமும் மொளகாத்தூளும் தொட்டு மாங்கா துன்ன மாதிரியே இருக்குதுக்கா” என்றாள். அக்கா என்றாள். அடுப்படிக்குள் ஓடிவிட்டேன்.

இரண்டாவதைத் துணி பிடித்துத் தட்டில் சாய்த்துக் கொண்டுவந்தேன். பாகு இன்னும் கொதித்துக் குமிழ் விட்டது. நடுவில் வைத்தேன்.

நா. ரோசியிடம் தண்ணீர் பாட்டில் கேட்டான். அவன் இருந்தது அவளுடைய கேட்காத காதின் பக்கம். அவளுக்கு விழவில்லை.

“ஏய் செவுடு! ஒன்னத்தாண்டி!”

ஜெனி வாயில் சீஸோடு சொன்னாள். “நீதானப்பா அடிச்சி செவுடாக்குன.”

அவன் ஜெனியைக் காதோடு சேர்த்து அறைந்தான். அதே கை, அதே இடம். குழந்தை சுவரில் போய் மோதி விழுந்தாள். சத்தம்கூட வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது.

நான் எழுவதற்குள் ரோசி எழுந்துவிட்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். எங்கள் வீட்டில் கைக்கு எட்டிய தூரத்தில் அடிக்க ஒரு பொருள் கிடையாது. குனிந்து அந்தப் பீட்சாவை வெறுங்கையால் அள்ளினாள். அப்படியே கொண்டுபோய் அவன் முகத்தில் அறைந்தாள். அறைந்த கையை எடுக்கவில்லை. வைத்து அழுத்தினாள். கண்ணில், மூக்கில், மீசையில். அவன் அலறியதில் தெரு நாய்கள் குரைத்தன.

“எம் பொண்ணு மேலயா கை வைக்கிற? எம் பொண்ணு மேலயா?”

அவன் எதுவும் தெரியாமல் கதவில் இடித்துக்கொண்டு வெளியே விழுந்து ஓடினான். வீ.கா. ஜெனியைத் தூக்கி வைத்துக்கொண்டு காதைப் பார்த்தார். ரத்தம் இல்லை. சொடக்குப் போட்டார், திரும்பிப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.

ரோசி கையை விரித்தபடியே நின்றாள். உள்ளங்கை முழுக்கப் பாகு ஒட்டி, ஓரமெல்லாம் சிவந்து கொப்பளித்திருந்தது.

“அக்கா, எரியுதுக்கா.”

இழுத்துக்கொண்டு போய் அடுப்படிக் குழாயைத் திறந்து கையை அதன் கீழே பிடித்தேன். வெல்லம் மெதுவாகக் கரைந்து போனது. குழாயை மூடவே இல்லை. இரண்டு பேரும் அந்த நனைந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்புறம் அவளே கேட்டாள். “சோறு இருக்காக்கா?”

மதியச் சோறு இருந்தது, கருவாட்டுக் குழம்பும். வலது கை வெந்திருக்கிறது, இடது கையை நீட்டினாள். “அதுல வாணாண்டி” என்று நானே பிசைந்து ஊட்டினேன்.

“கடிச்சிடாத.”

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுததில் சோறு மூக்கில் ஏறியது.

அப்போது கதவு உதைபட்டது. நா. திரும்பி வந்துவிட்டான், தெருவே கேட்க ரோசியின் பெயரைச் சொல்லிக் கத்தினான். ரோசி அசையவில்லை, அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.

வீ.கா. ஜெனியைக் கட்டிலில் உட்காரவைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரணில் கை விட்டு, டிபன் கேரியரை இறக்கி என்னிடம் கொடுத்தார்.