வெளியே நடந்த மயில்கள்

என் முகம் பார்க்காமலே போய்விட்ட சுமதி அக்காவுக்கு,

அன்புடன் என்று தொடங்க வேண்டும். அன்பு இருக்கிறது, பொறாமை அதைவிடக் கொஞ்சம் அதிகம். உங்கள் கணவருக்கு இரண்டாம் தாரமாகச் சுவா சூ காங் வட்டார அடுக்குமாடி வீட்டுக்கு வந்த நாள் முதல், எதைத் தொட்டாலும் "சுமதி இப்படித்தான் வைப்பா" என்கிறார் இவர். தேக்கா கடைத்தெருவில் கோலப்பொடி வாங்கப் போனால் கடைக்காரரும் "அந்த அக்கா பச்சைதான் நிறைய எடுப்பாங்க" என்கிறார். இருக்கிற ஆளோடு போட்டி போடலாம். இல்லாத ஆளோடு எப்படிப் போடுவது?

இந்தத் தீபாவளிக்கு உங்கள் மயில் கோலத்தை நானே போட்டுக் காட்டுவது என்று முடிவு செய்தேன். உங்கள் மகள் யாழினி என்னை இன்னும் "ஆன்ட்டி" என்றுதான் கூப்பிடுகிறாள். அதே கோலத்தை வாசலில் பார்த்தால் மனம் இளகுவாள் என்று ஒரு நப்பாசை.

கோலத்தோடு நீங்கள் எடுத்துக்கொண்ட செல்ஃபி ஒன்று இவர் போனில் இருந்தது. உங்கள் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே போட எனக்குக் கை ஓடாது. அதனால் படத்தைப் பெரிதாக்கி, நீங்கள் தெரியாதபடி ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மயிலை மட்டும் பார்த்துப் போட்டேன். ஒரு மயில், அதையே கொஞ்சம் நகர்த்தி அடுத்தது, அப்புறம் அதற்கடுத்தது. அச்சு அசலாக வந்தது.

இவர் கதவைத் திறந்து பார்த்தார். "என்னம்மா, மயிலெல்லாம் வீட்டை விட்டு லிஃப்ட் பக்கம் போகுது? சுமதி போட்டது வீட்டைப் பார்த்துல்ல வரும்?" நல்ல நாளும் அதுவுமாக எனக்குத் திக்கென்றது.

உயர்நிலை இரண்டில் படிக்கும் யாழினி போனை வாங்கிப் படத்தை மறுபடி சின்னதாக்கினாள். உங்கள் சட்டையில் இருந்த எழுத்தெல்லாம் இடம் வலம் மாறியிருந்தது.

"செல்ஃபி லா ஆன்ட்டி. கண்ணாடி மாதிரி திருப்பி சேவ் ஆயிருக்கு. அம்மாவையும் சேர்த்துப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது.

மெல்லிய தாள் ஒன்றைத் திரைமேல் வைத்து மயிலை நகலெடுத்தாள். "நகர்த்தினா இடம்தான் மாறும், அதே பக்கம்தான் பார்க்கும். சுத்தினா இப்படி." தாளைச் சுற்றியதும் மயில் வீட்டைப் பார்த்தது, ஆனால் தலைகீழாக. "புரட்டிப் போட்டாதான் அம்மாவோடது. சைஸ், ஷேப் எல்லாம் ஒண்ணுதான். பார்க்கிற பக்கம்தான் வேற."

எவ்வளவு நகர்ந்தாலும் சுற்றினாலும் நான் நீங்களாக முடியாது என்று கணக்கே சொல்லிவிட்டது. துடைப்பத்தை எடுத்தேன்.

"அழிக்காதீங்க" என்றாள்.

என் வரிசை முடிந்த இடத்தில் ஒரு கோடு கிழித்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம், படம் எதையும் பார்க்காமல், வீட்டைப் பார்த்து வரும் உங்கள் மயிலைப் போட்டாள். பச்சையை அள்ளி அள்ளித் தூவினாள். அந்தக் கையைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான். உங்களுடையதும் என்னுடையதும் சண்டைக்கு வந்ததுபோல் முகத்துக்கு முகம் நின்றன.

கோட்டின் மேல் விளக்கை வைத்து, அதற்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப எடுங்க சித்தி."

மயிலும் மயிலும் நடுவில் அவளும், எல்லாம் தெரிய எடுத்தேன். எதையும் ஓரத்துக்குத் தள்ளவில்லை.

அடுத்த தீபாவளிக்கும் என் பக்கத்தை மட்டும் போடுவேன் அக்கா; உங்கள் பக்கத்தை அவளுக்கு விட்டுவிடுவேன். பொறாமைப்பட மாட்டேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதீர்கள். உங்கள் மயிலுக்குத்தான் அவள் பச்சை அதிகம் போட்டாள். நான் கவனித்தேன்.

கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் தங்கை,
யாழினியின் சித்தி