மூன்று சென்டிமீட்டர் முடி

ரோட்டர்டாம், மார்ச் 1, வெள்ளி

யெல்லே,

இல்லை, படுக்கப் போகும்முன் நான் ஃபென்னாவுக்குத் தின்பண்டம் எதுவும் கொடுப்பதில்லை. போன வாரம் அவள் பையில் நீ அனுப்பிய இந்த நோட்டில் கேட்டதையேதான் எடை பார்த்த பள்ளிச் செவிலியும் கேட்டார். இருபத்தெட்டு கிலோ. ஆறு வயதுக்கு அதிகம்தான். இலையுதிர்காலத்தில் நீ தனி வீட்டுக்குப் போனதிலிருந்து ஐந்து கிலோ கூடியிருக்கிறது.

புதனன்று ஆய்வு மையத்தில் ஃபென்னாவின் பின்னந்தலையிலிருந்து மெல்லிய கற்றை முடி வெட்டினார்கள். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வேரிலிருந்து மூன்று சென்டிமீட்டர் என்றால் கடந்த மூன்று மாதம். மனம் நெருக்கடியில் இருக்கும்போது உடல் சுரக்கும் ஹார்மோன் அதில் தங்கிவிடுமாம். அது அதிகமுள்ள சிறு பிள்ளைகளுக்கு எடையும் கூடுகிறதா என்று பார்க்கிறார்கள். தனித்தனியாக முடிவு சொல்லமாட்டார்கள்.

வெட்டும்போது அவள் அசையாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப முடியோட நுனியில அப்பா இன்னும் நம்ம வீட்லதான் இருக்காரா?"

 நீச்சலுடை அவள் பையின் அடியில், இந்த நோட்டுக்குக் கீழே இருக்கிறது.

ஹெஸ்டர்

மார்ச் 8

ஹெஸ்டர்,

முடி ஆராய்ச்சி இருக்கட்டும். இங்கே காலையில் நான்கு துண்டு ரொட்டி தின்கிறாள், நான்கிலும் சாக்லேட் துகள். இது என்னிடம் கற்ற பழக்கம் இல்லை. கால்சட்டைப் பொத்தான் போட வரவில்லை. அவளைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

நீச்சலுக்கு அந்த நீள முடி தொல்லை. வெட்டிவிடு.

யெல்லே

மார்ச் 15

யெல்லே,

நான்காவது துண்டை ஏன் கேட்கிறாள் என்று யோசித்தாயா? போன வருடம் நாம் கத்திக்கொண்டிருந்த நாட்களில் அவள் சமையலறையில் பேசாமல் தின்றுகொண்டிருந்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் கத்தினேன்.

முடி வெட்ட 27ஆம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

ஹெஸ்டர்

மார்ச் 22

ஹெஸ்டர்,

நல்ல செய்தி. இந்த வாரம் காலையில் ஒரே துண்டுதான். சாக்லேட் வேண்டாம் என்று அவளே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அப்பத்தையும் தொடவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

யெல்லே

மார்ச் 26, செவ்வாய்

அன்புள்ள யெல்லே,

இதைத் தபாலில் அனுப்புகிறேன். நோட்டை இனி அவள் பையில் வைக்கமாட்டேன்.

நேற்றும் இன்றும் பள்ளியிலிருந்து சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு என்னைப் பாக்கவே பொறுக்கலையாம்."

யார் சொன்னது என்றேன். நோட்டை எடுத்து வந்து, பக்கம் திருப்பி, உன் வரியில் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஓர் எழுத்தும் தவறவில்லை.

அவள் படிக்கக் கற்றுவிட்டாள், யெல்லே. பள்ளியில் சொன்னபோது இருவரும் மெச்சினோம். அதோடு மறந்தும்விட்டோம். நீ கட்டட வரைபடம் வரைபவன், எழுத்துகளைத் தனித்தனியாக, அச்சுப்போல எழுதுவாய். எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதும் என் கையெழுத்து அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் தப்பித்தது அதனால்தான், உன்னைவிட நல்லவள் என்பதால் அல்ல.

"நீ என்னம்மா எழுதியிருக்க?" என்று கேட்டாள். நீச்சலுடையைப் பற்றி என்றேன்.

அவளுக்கு ஒரு பக்கம் எழுது. உன் கையெழுத்தில்.

அவள் படித்துக் காட்டிய பிறகு இரண்டு துண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவித் துகள் தூவினேன். ஒன்றை அவள் முன் வைத்தேன், மற்றதை நான் தின்றேன். அவள் தொடவில்லை. ஜடையை முன்னால் இழுத்து, அதன் நுனியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முடிதிருத்தும் கடைக்குத் தொலைபேசி செய்து, நாளைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஹெஸ்டர்