முன்னால் போன மருமகள்

கால்வாய்க்கரை வீடு,
ஜூன் 2, ஞாயிறு.

என் அன்பு கயெத்தான்,

உன் தென்கடல் தீவில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிக் காலுறையை ஈரத்தோடு மாட்டிக்கொள்ளாதே. இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டு, வேளாவேளைக்குச் சண்டை போட்டு, சுகமாக இருக்கிறோம். அப்பாவும் என் மருமகள் ரஸ்மாத்தாவும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போயிருக்கிறார்கள். ஆமாம், இரண்டு பேரும் சேர்ந்துதான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்துப் பார். அவர்கள் திரும்புவதற்குள் இதை முடித்துவிட வேண்டும். நீ போன் பண்ணும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் கடிதம்.

மற்ற சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மதகைப் பழுது பார்க்கிறோம் என்று கால்வாயில் பாதித் தண்ணீரை வடித்துவிட்டார்கள். வாத்துகள் சேற்றில் நின்றுகொண்டு ஊரைத் திட்டுகின்றன. செர்ரி இந்த வருஷம் பறவைகளுக்குத்தான். உன் பூனை இப்போது ரஸ்மாத்தாவின் கட்டிலில் படுக்கிறது. நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நீ தீவு வேலைக்குக் கப்பலேறிய பிறகு, லியோனில் தனியாக இருக்க வேண்டாம் என்று நான்தான் அவளை இங்கே வரச் சொன்னேன். வந்த இரண்டாவது வாரமே சந்தைத் தெரு மருந்துக்கடையில் வேலை வாங்கிக்கொண்டாள். கடையில் எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிட்டது. வீட்டில்தான் குளிர்காலம் முழுக்க ஒரே கூத்து. மேஜையில் அவள் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவர் என்னைப் பார்த்து, "மரீஸ், அந்தப் பொண்ணை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார். அவளும் விடமாட்டாள். "அத்தை, உப்பு வந்துக்கிட்டே இருக்குன்னு மாமாகிட்ட சொல்லுங்க" என்பாள். நடுவில் நான் தந்திக் கம்பம் மாதிரி நிற்பேன்.

காரணம் உனக்குத் தெரியும். கடல் தாண்டி அவளுடைய ஊரில் கல்யாணம் முடித்துவிட்டு, மூன்றாம் நாள் போன் பண்ணி "அப்பா, கல்யாணம் ஆயிடுச்சு" என்றாய். அவருக்குக் கோபம் அவள்மேல் இல்லை. "ஒரே பையன். விமானத்துல ஏற எனக்கு என்ன, காலா இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உன்மேல் இருந்த கோபத்துக்கு நீ அங்கே இல்லை, அவள் இருந்தாள். அவ்வளவுதான்.

மார்ச்சில் ஒரு நாள் அவள் கொட்டகையிலிருந்து உன் நீலச் சைக்கிளை இறக்கித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, சீட்டைத் தாழ்த்தி வைத்திருந்தாள். அப்பா பார்த்துவிட்டார். "கயெத்தானோட சீட்டை யார் இறக்கினது?" என்று முற்றத்தில் நின்று கத்தினார். "நான்தான் மாமா. கால் எட்டலை" என்றாள். "உனக்கு இதெல்லாம் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார். "எங்க ஊருக்கு வந்து பாருங்க. செம்மண் ரோட்டுல, மணல் காத்துல, தங்கச்சியைப் பின்னால உக்கார வெச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனவ நான். இங்க என்ன, தரை பலகை மாதிரி கிடக்கு" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். நம் ஊர்ச் சமவெளியைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அன்று முழுவதும் "பலகையாம், பலகை!" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். இருந்தாலும் கயெத்தான், அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கிளப் சவாரிக்கு அவளும் கிளம்பிவிடுவாள். கிளப் கேப்டனான அப்பா எப்போதும் போல முதல் ஆள், அவள் கடைசி. கறிக்கடை ஜில்பேர் சும்மா இருப்பானா? "ரோலான், உன் மருமக பின்னால இருக்கறது நமக்கு மரியாதைக்காகத்தான். மனசு வெச்சா நம்ம அத்தனை பேரையும் கால்வாயில தள்ளிட்டுப் போயிடுவா" என்றானாம். அதற்கு உன் அப்பா, "யாரு மருமக?" என்று கேட்டாராம். அவள் காதில் அது விழுந்தது. வீட்டுக்கு வந்து இரவுச் சூப்புக்கு லீக்ஸ் வெங்காயத் தண்டைக் கொஞ்சம் பலமாக நறுக்கினாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இயேசு விண்ணேறிய திருநாள் வியாழனன்று வருஷாந்திரப் பெரிய சவாரி நடந்தது. பக்கத்து ஊர்க் கிளப்புகளும் வந்திருந்தன, கால்வாய்ப் பாலத்தில் நிற்க இடமில்லை. உனக்குத்தான் தெரியுமே, இந்தச் சவாரிக்கு அம்புக்குறி கிடையாது, வரைபடம் கிடையாது. வழி உன் அப்பாவின் தலைக்குள் இருக்கிறது, அவர் பின்னால் எல்லோரும் போக வேண்டும். கால்வாய்க் கரையோடு போய், காட்டுக்குள் நுழைந்து, குளங்களைச் சுற்றிக்கொண்டு, கோதுமை வெளியில் இறங்கித் திரும்புவது. நான் காரில் ரொட்டி, பன்றி இறைச்சி, பாதாம் கேக் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரையில் போய்க் காத்திருந்தேன். அதனால் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஜில்பேர் சொன்னதையும், அப்பா சொன்னதையும், ரஸ்மாத்தாவின் வாயைப் பிடுங்கித் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நடுக்காட்டில் எட்டுச் சாலைகள் கூடும் வட்டம் இருக்கிறதே, அங்கே அப்பா நின்றுவிட்டார். காலை ஊன்றிக்கொண்டு, குனிந்து முன் டயரை அழுத்திப் பார்த்தார். டயரில் ஒன்றுமில்லை. மறுபடியும் அழுத்தினார். பின்னால் அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் மோதாத குறையாக நின்றார்கள். வெளியூர்க் கேப்டன் ஒருவர், "என்ன ரோலான், உங்க காட்டுல உங்களுக்கே வழி தெரியலையா?" என்று சிரித்தாராம். இரண்டு மூன்று பேர் கூடச் சிரித்தார்கள். அப்பா நிமிரவில்லை.

கடைசியில் நின்ற ரஸ்மாத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன மாமா, டயரை அமுக்கி நேரத்தைக் கடத்தறீங்க? போன வாரம் பந்தயம் வெச்சோமே! இந்த வட்டத்துலேர்ந்து வீடு வரைக்கும் நான்தான் முன்னால. இப்ப வாக்கு மாறப் பாக்கறீங்களா?" என்றாள்.

பந்தயமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர்கள் உப்பைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசினார்கள்?

அப்பா அவளையே பார்த்தாராம். ஜில்பேர் சொல்கிறான், "நான் பயந்துட்டேன் மரீஸ், அடிச்சுடுவாரோன்னு" என்று. அவர் சைக்கிளை ஓரமாக நகர்த்தி, "சரி, போ. எவ்வளவு தூரம் தாங்கறியோ, பாக்கறேன்" என்றார்.

அவள் ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்துப் புறப்பட்டாள். சரியான சாலைதான். குளக்கரைத் திருப்பம், வேட்டை மாளிகைத் திருப்பம், எதிலும் தயங்கவில்லை. ஏரிக்கரையில் நான் கேக் வெட்டிக்கொண்டு நிமிர்ந்தால், மரங்களுக்கு நடுவே முதலில் வந்தது உன் நீலச் சைக்கிள். அவள் பின் சக்கரத்தை ஒட்டினாற்போல உன் அப்பா. என் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றுவிட்டது. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் இன்னொருவர் பின்னால் வந்து நான் பார்த்ததில்லை.

கோதுமை வெளியில் எதிர்க்காற்று. ஒரு மரம் கிடையாது, ஒரு வேலி கிடையாது. அவள் தலையைக் குனிந்துகொண்டு வீடு வரை அந்தக் காற்றைத் தன் நெஞ்சில் வாங்கினாள். அப்பா இரண்டு தடவை முந்தப் பார்த்தாராம். இரண்டு தடவையும் "மாமா, வாக்கு!" என்று கத்தியிருக்கிறாள். மூன்றாம் தடவை அவர் முயற்சி செய்யவில்லை. அவள் முதுகின் மறைவில் பேசாமல் வந்தார்.

ஊர் மண்டபத்தில் மேயர் எல்லோருக்கும் வெள்ளை ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜில்பேர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "என்ன, கேப்டன் ரிட்டயர் ஆயிட்டாரா?" என்று கேட்டான். உன் அப்பா கிளாஸைக் கீழே வைத்தார். "என் மருமக முன்னால போனா. நான் பின்னால வந்தேன். உனக்குத் தெம்பிருந்தா அடுத்த ஞாயித்துக்கிழமை அவ பின் சக்கரத்தை ஒட்டிக்கிட்டே வந்து பாரு. பாதி வழியில உன்னைக் கறி மாதிரி பொட்டலம் கட்டித்தான் எடுத்துட்டு வரணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரஸ்மாத்தா சிரிக்கவில்லை. கைகழுவப் போகிறேன் என்று வெளியே போனவள் நெடுநேரம் வரவில்லை. தேடிப் போனேன். குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அந்த வழியெல்லாம் எப்படித் தெரியும்?" என்று அங்கே வைத்துத்தான் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள்: "ஏப்ரல்ல ஒரு நாள் குளக்கரைத் திருப்பத்துல மாமா வழி தெரியாம கொஞ்சம் தடுமாறினாங்க அத்தை. வேற யாரும் கவனிக்கலை. அன்னிலேர்ந்து லீவு நாள்ல தனியாப் போயி ஒவ்வொரு திருப்பமாப் பழகிக்கிட்டேன்." என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "மாமாவே சொல்லாததை நான் எப்படிச் சொல்றது?" என்றாள்.

மறுநாள் காலை பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும்போது அப்பா தானாகவே ஆரம்பித்தார். "எட்டு ரோடும் ஒரே மாதிரி இருந்தது மரீஸ். நான் எதுல வந்தேன்னே தெரியலை" என்றார். நான் உரிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவரும் நிறுத்தியிருப்பார். "அந்தப் பொண்ணு என்னை அவ்வளவு பேர் நடுவுல தலைகுனிய விடலை" என்றார். "பெத்த பிள்ளைகூட அவ்வளவு சாமர்த்தியமாச் செஞ்சிருக்க மாட்டான்." இதை நான் உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. உன் மனைவி எப்படிப்பட்டவள் என்று நீ ஒருநாள் எனக்கு எழுதியிருந்தாய். உனக்குப் பாதிதான் தெரியும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவரைப் பற்றியும் எனக்குப் பெருமைதான். அந்தச் சாலை வட்டத்தில் வீம்புக்கு ஏதோ ஒரு பக்கம் போயிருக்கலாம். ஓரமாக நகர்ந்து ஒருத்திக்கு வழிவிட்டார். உன் அப்பாவுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

வரும் வியாழக்கிழமை ஓர்லேயானில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். அவரே சம்மதித்தார். துணைக்கு நான் வேண்டாமாம். "நீ அழுவே. ரஸ்மாத்தா வரட்டும்" என்று சொல்லிவிட்டார். டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியாது. இப்போதே நீ ஒன்றையும் கற்பனை செய்துகொள்ளாதே. நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், ஜில்பேரைப் புதுப்புது விதமாகத் திட்டுகிறார்.

நேற்று அவளைக் கூப்பிட்டு உங்கள் கல்யாணப் படங்களைக் காட்டச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவரையும் யார் யார் என்று கேட்டார். மஞ்சள் உடையில் இருக்கும் பெரிய அம்மாள் யார் என்று கேட்டார், தன் அத்தை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அதே படத்தைக் காட்டி அதையே கேட்டார். அவள் முதல் தடவை சொல்வதைப் போலவே, அதே சிரிப்போடு சொன்னாள். கடைசியில் உன் படத்தில் விரலை வைத்துக்கொண்டு, "பயலோட கோட்டு நல்லா இருக்கு" என்றார்.

முற்றத்தில் அவர்கள் குரல் கேட்கிறது. முந்தியது யார் என்று சண்டை. முடித்துவிடுகிறேன்.

கயெத்தான், உன்னை இதுவரை நான் எதற்கும் கெஞ்சியதில்லை. அவருக்கு ஒரு கடிதம் எழுது. எனக்கு எழுதி ஓரத்தில் "அப்பாவுக்கு என் அன்பு" என்று போடாதே. அவர் பெயருக்கே எழுது. சமாதானமெல்லாம் சொல்ல வேண்டாம். கல்யாணத்தன்று என்ன சாப்பிட்டாய், யார் பாடினார்கள், அவர் அங்கே இருந்திருந்தால் எங்கே உட்கார வைத்திருப்பாய் என்று எழுது. இதைக் கொண்டுவரும் கப்பலிலேயே அதைக் கொடுத்து அனுப்பு. டிசம்பரில் வந்து நேரில் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் வைத்துவிடாதே, என் ராஜா.

கடவுள் உன்னைக் கடல் தாண்டிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
மரீஸ்.