இடுப்பெலும்பு யாருக்குப் போனது

அன்பு மகள் பெகாயிமுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், சிவப்புப் பசு கிடேரிக்கன்று போட்டிருக்கிறது. மாஸ்கோ குளிரில் நீ சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைக்கத்தான் முடியும், உன் செய்தியெல்லாம் எனக்கு உன் மாமன் எமில்பெக் வாயால்தானே வருகிறது. ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று அவனிடம் போனில் கேட்டாயாமே. சந்தையில் நாலு பேர் முன்னால் சொல்கிறான், “என்ன மச்சான், உங்க பொண்ணு என்கிட்டல்ல யோசனை கேக்குது, நீங்க தண்ணி தொறந்து விட்டாப் போதும்” என்று. எல்லாரும் சிரித்தார்கள். அவன் பள்ளித் தலைமையாசிரியர், நான் எட்டாவதோடு வாய்க்கால் மதகு வேலைக்குப் போனவன், சரி. ஆனால் இரண்டு வேட்பாளர்களின் அறிக்கையையும் கண்ணாடி போட்டு முழுதாகப் படித்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

அவன் உனக்குச் சொன்ன சிமெண்ட் ஆலைக்காரர்மேல்தான் முதலில் எனக்கும் எண்ணம். போன மாதம் ஊருக்கு வந்தார், ஊர்த்தலைவர் வீட்டில் ஆடு அறுத்தார்கள். வீட்டுக்காரர் பங்கு வைப்பதற்குள் இவரே கறித்தட்டை இழுத்துக்கொண்டார். இடுப்பெலும்பு சபையில் மூத்தவனுக்குப் போகவேண்டிய மரியாதைப் பங்கு; மூத்தவன் நான் உட்கார்ந்திருக்க, ஒன்பது வயது இளைய உன் மாமனுக்கு அது, எனக்கு விலா. ஏனென்றால் ஓட்டுச்சாவடி அவன் பள்ளியில். அவனே கூச்சப்பட்டு, “மச்சான், இது உங்களுது, பிடிங்க” என்று நீட்டினான். அவன் கையால் எனக்கு எதற்கு, நான் தொடவில்லை. ஆளால் என்ன காரியம் ஆகும் என்று பார்த்துக் கறி கொடுக்கிறவர் நாட்டையும் அப்படித்தான் பங்கு வைப்பார். புது வாய்க்கால் கட்டமாட்டார் என்று சொல்லவில்லை, சீக்கிரமே கட்டுவார், தண்ணீர் முதலில் அவருக்கு வேண்டியவன் வயலுக்குப் போகும்.

இன்னொரு வேட்பாளர், அந்தப் பல் டாக்டரம்மா, மறுவாரம் வந்தார். தட்டைத் தொடாமல், “பெரியவரே, நீங்களே பங்கு வைங்க” என்று என்னிடம் தள்ளினார். பத்துக் கேள்வி கேட்டோம், ஏழுக்கு “தெரியாது, பாத்துத்தான் சொல்லணும்” என்றார். அவர் பதவிக்கு வந்தால் ஒரு கோப்பு ஆறு மாதம் தூங்கும், எனக்கே எரிச்சல் வரும். ஆனால் சேற்றில் மதகு வரை நடந்து வந்து, கடைசி வயலுக்கு எத்தனை நாளில் தண்ணீர் போகும் என்று கேட்டார். உன் மாமன் ஒருநாளும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஒரு எலும்புக்காகவா மனுசன் ஓட்டை மாத்துவான் என்கிறாள் உன் அம்மா. மாற்றுவேன்.

நீ அங்கே தூதரகத்தில் யாருக்குப் போட்டாலும் சரி, என்னிடம் கேட்டுவிட்டுப் போடு. ஞாயிறு காலை எட்டுக்குச் சாவடி திறக்கிறது. உன் போன் வராமல் நான் போகமாட்டேன், இரவு எட்டுக்கு மூடிவிட்டால் என் ஓட்டு போனது போனதுதான். அதற்குள் அவனிடம் மறுபடி கேட்டிருந்தால் எனக்குச் சொல்லாதே.

உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், ஆண்டவன் துணை. அம்மா அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள். என் போன் நம்பர் பழையதுதான், மாறவில்லை.

உன் அப்பா,
சொவெத்பெக்