மூன்றாவது டியூப்லைட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன், அது எவ்வளவு தூரம் உண்மை என்று முழுக்கப் படித்துவிட்டு நீயே பார்த்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனை எடுத்தாலே உன் அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால் பள்ளி அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன். கண்ணு, எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது. ஒரு டியூப்லைட் வாங்கப் போய் வந்த அலுப்பு இது என்றால் சிரிப்பாய்.

நீ போன தடவை வந்தபோதே சமையலறை லைட் விட்டு விட்டு எரிந்தது ஞாபகம் இருக்கும். ஸ்டார்ட்டரை மாற்றினோம், சோக்கை மாற்றினோம், எதற்கும் அசையவில்லை, சரி புதுசே வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனோம். கடைக்காரர் இப்போதெல்லாம் எல்.இ.டி.தான் என்று எடுத்து வைத்தார். உன் அப்பாவா கேட்பார். ஆடைக் கம்பெனியில் துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேஜையில் முப்பத்திரண்டு வருஷம் டியூப்லைட்டின் கீழே நின்றவர் அல்லவா. "அதெல்லாம் கண்ணைக் குத்தும், டியூப்லைட்தான் துணியோட நிறத்தை நிறமா காட்டும்" என்று பாடமே எடுத்துவிட்டார். சமையலறையில் கரித்துணியைத் தவிர எந்தத் துணியை இவர் பார்க்கப் போகிறார் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். நாலடி நீளத்தில் ஒற்றைக் குழல் ஒன்று வாங்கி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டினோம். இரண்டே நாளில் மங்கலாக இருக்கிறது என்றார். அதைக் கழற்றி ஹாலில் மாட்டிவிட்டு, பின்னால் பளபளவென்று தகடு வைத்த இரட்டைக் குழல் வாங்கினோம். அதுவும் மங்கல். நிழல் விழுகிறதாம், சமையல் மேடைக்கு நேர் மேலே இன்னொன்று வேண்டுமாம். மூன்றாவது தடவையாக வேலை முடிந்து வந்த காலோடு அவர் பின்னால் நடந்தேன். முட்டி வலி எனக்கு, லைட் வலி அவருக்கு. எதிர்வீட்டு அம்மா, என்ன, வீட்டிலேயே லைட் கடை வைத்துவிட்டீர்களா என்று கேட்டே விட்டாள்.

அந்த மூன்றாவது தடவைதான் எனக்குப் புரிந்தது. கடையில் பலகை முழுக்க லைட்டுகளை மாட்டி வைத்திருப்பார்கள். கடைக்காரர் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று, இரண்டை மட்டும் போட்டுக் காட்டினார். உன் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்து நின்று, "வலது பக்கம் இருக்கறது நல்லா இருக்கு. இடது பக்கம் இருக்கறதையும் போடுங்க, பாத்துடலாம்" என்றார். அது எரிந்துகொண்டுதான் இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்த மனுஷன் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டார், அப்போதுதான் போட்டது மாதிரி. உன் அப்பா சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பி, "ம், இதுவும் பரவாயில்ல" என்றார். அவர் கேட்டதையே வாங்கிக்கொண்டு வந்தேன். கடையில் வைத்து அவரிடம் வேறென்ன சொல்வது.

மாட்டி முடித்ததும் சமையலறை உச்சி வெயில் மாதிரி இருந்தது. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து வழக்கம்போல் பீன்ஸ் நறுக்கிக் கொடுத்தார். தட்டை வாங்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் நார் அப்படியே இருந்தது. ஒரு நார் தங்கினால் என்னை என்ன பாடு படுத்துவார் என்று உனக்குத் தெரியும். களைப்போ கோபமோ, பொட்டென்று வாயில் வந்துவிட்டது. "லைட்டு மேல பழி போட்டது போதுங்க" என்றேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். கம்பெனியில் கடைசி வருஷம் விரலால் தடவித் தடவித்தான் துணி பார்த்தாராம். அப்படியும் இவர் நல்லது என்று அனுப்பிய இரண்டு கட்டு துணி குறை இருக்கிறதென்று திரும்பி வந்துவிட்டதாம். அடுத்தது வருவதற்குள் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாராம். முதுகு வலி என்று நம்மிடம் சொன்னாரே, நான்கூட மூன்று மாதம் தைலம் தேய்த்தேனே, அத்தனையும் பொய். "செக்கர் கண்ணு போச்சுன்னு எப்படி சொல்றது" என்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. வேலையை விட்டு வந்து இரண்டு வருஷம், கண்ணு. இரண்டு வருஷத்தை அப்படியே விழுங்கிவிட்டார்.

மறு வாரம் இழுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டதாம், வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வருமாம். இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது, வலதிலும் தொடங்கிவிட்டது. போனது போனதுதான் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற ஒரு வேளைகூடத் தப்பாமல் ஆயுசுக்கும் சொட்டு மருந்து போட வேண்டும். காலையும் மாலையும் அவரை மேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, தலையைச் சாய்த்து, மூன்று குழலையும் எரியவிட்டு நான்தான் போடுகிறேன். சொட்டு குறி தப்பாமல் விழுகிறது. அந்த லைட்டெல்லாம் வாங்கியதற்கு இப்போதுதான் பலன்.

உனக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் கேட்டார். நான் சத்தியம் செய்யவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன், அதுவும் அவருக்கு இடது பக்கமாக நின்றுகொண்டு. நீ பதறிக்கொண்டு லீவு போட்டு ஓடி வர வேண்டாம், முறையாக லீவு கிடைக்கும்போது வா. உன் கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடு, இது பிள்ளைகளுக்கும் வரலாமாம், இதில் அலட்சியம் கூடாது. இன்னொன்று. போன தடவை நீ அனுப்பிய நீலச் சட்டையில் பை கோணலாகத் தைத்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா. ஒரு குறையும் இல்லை என்று போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினார். மகள் அனுப்பியது என்று பெரிய மனசு வந்துவிட்டது என நினைத்து நான் சந்தோஷப்பட்டேன், முட்டாள். இனிமேல் சட்டை வாங்கினால் நல்லதாகப் பார்த்து வாங்காதே. உள்பக்கம் ஒரு தையலைப் பிரித்துவிட்டு அனுப்பு, விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி இருக்கட்டும். அவர் கண்டுபிடித்து உன்னைப் போனில் திட்ட வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இருவரும் குறைவில்லாமல் நன்றாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
உன் அம்மா